இருட்டா, மங்கலா ஒரு போட்டோ... 'இதுல என்ன இருக்கு?' எண்ணூர் எண்ணெய்ப் படங்களை எப்படிப் பார்ப்பது?

கன்னங்கரேல் என்று ஒரு பரப்பு. அதன் மேல் ஊதா, நீலம், பொன் நிறத்தில் வளையம் வளையமாகக் கோடுகள். மனிதர் இல்லை, படகு இல்லை, கரை இல்லை, வானமும் இல்லை. செல்போனில் இப்படி ஒரு படம் வந்தால் என்ன தோன்றும்? விண்வெளிப் படமா, மார்பிள் கல்லா, யாரோ வைத்த வால்பேப்பரா? ரெண்டு செகண்ட் பார்த்துவிட்டு விரல் அடுத்ததுக்குப் போய்விடும்.

அதே படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி சேர்த்துப் பாருங்கள்: 'எண்ணூர் முகத்துவாரம், டிசம்பர் 2023'. இப்போது விரல் நிற்கும். படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனால் பார்ப்பவரின் முகம் மாறிவிடும்.

இருட்டான, மங்கலான, என்னவென்றே பிடிபடாத புகைப்படங்களை 'அப்ஸ்ட்ராக்ட் போட்டோகிராபி' என்கிறார்கள். தமிழில் அரூபப் புகைப்படம் என்று சொல்வதுண்டு. இந்த வகைப் படங்களைப் பார்த்ததும் சிலருக்கு எரிச்சல் வருகிறது, சிலருக்குப் பயம், சிலருக்குச் சொல்லத் தெரியாத ஒரு ஈர்ப்பு. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் உள்ளவர்களுக்கோ இது கலைக்கூடத்து விஷயமே இல்லை. வாசலில் கிடக்கும் விஷயம்.

எண்ணூரில் அன்று என்ன நடந்தது?

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மூழ்கியது. வெள்ளம் வடிந்துகொண்டிருந்தபோது மணலி பக்கமிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணெய் இறங்கி, கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. மணலியில் உள்ள சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து மழைநீரோடு எண்ணெய் வெளியேறியது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் தெரிவித்தது. தங்கள் குழாய்களில் கசிவு எதுவும் இல்லை என்றது நிறுவனம்.

காட்டுக்குப்பம், சிவன்படை வீதி குப்பம், எண்ணூர் குப்பம், முகத்துவாரக் குப்பம் என்று வரிசையாகக் கரையோர ஊர்கள் பாதிக்கப்பட்டன. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் தார் பூசியது போல ஆனது. கூழைக்கடா பறவைகள் சிறகு முழுக்க எண்ணெயோடு உட்கார்ந்திருந்தன. ஆரம்ப நாட்களில் மீனவர்களே மக்கும் பக்கெட்டும் வைத்து எண்ணெயை மொண்டு எடுத்தார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கும் படகுகளுக்குமாகத் தமிழ்நாடு அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது.

இது முதல் முறையும் இல்லை. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கடலில் கொட்டியது. கரையில் இளைஞர்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகக் கறுப்புச் சேற்றைக் கைமாற்றிய காட்சி பலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்.

இந்த இரண்டு சம்பவங்களிலும் வெளிவந்த படங்களில் ரெண்டு வகை உண்டு. ஒன்று, எல்லோருக்கும் புரியும் செய்திப்படம்: எண்ணெய் அப்பிய கை, பறவை, படகு. இன்னொன்று, தண்ணீருக்கு மிக அருகில் போயோ டிரோனில் மேலே போயோ எடுத்தது. வெறும் நிறமும் கோடும் மட்டும். 'இதுல என்ன இருக்கு?' என்ற கேள்வி வருவது இந்த இரண்டாவது வகைக்குத்தான்.

அந்த வானவில் நிறம் எங்கிருந்து வருகிறது?

இங்கே கொஞ்சம் அறிவியல். தண்ணீர் மேல் எண்ணெய் மிக மெல்லிய படலமாக விரியும்போது, படலத்தின் மேல்புறத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்புறத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலக்கின்றன. படலத்தின் தடிமனைப் பொறுத்து சில நிறங்கள் கூடும், சில நிறங்கள் அடங்கும். மழை நாளில் பெட்ரோல் பங்க் வாசலில் தெரியுமே, அதே வானவில்தான்.

வட கடல் நாடுகள் பயன்படுத்தும் பான் ஒப்பந்த அட்டவணைப்படி, வானவில் நிறம் தெரிந்தால் படலம் சுமார் 0.3 முதல் 5 மைக்ரான் வரைதான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எண்ணெய் இன்னும் கெட்டியாகும்போது உலோகப் பளபளப்பு வரும். அதற்கும் மேலே போனால் நிறமெல்லாம் போய் எண்ணெயின் சொந்தக் கறுப்பு வந்துவிடும். விமானத்தில் பறந்தபடியே, நிறத்தை வைத்து எவ்வளவு எண்ணெய் கொட்டியிருக்கும் என்று கணக்குப் போடுவது இந்த அட்டவணையை வைத்துத்தான்.

அதாவது படத்தில் 'ஆஹா' என்று சொல்லவைக்கும் நிறம் இருக்கும் இடத்தில் எண்ணெய் குறைவு. ஒன்றுமே தெரியாமல் கறுப்பாக, 'போட்டோ சரியா விழலையோ' என்று தோன்றும் இடத்தில்தான் எண்ணெய் அதிகம். இது தெரிந்த பிறகு அந்தப் படத்தை மறுபடி பார்த்தால் கண் போகும் இடமே வேறாக இருக்கும்.

தூசியைப் படம் எடுத்தவர்

புரியாத போட்டோ என்பது இன்ஸ்டாகிராம் காலத்துச் சமாச்சாரம் இல்லை. நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. 1917-ல் லண்டன் கேமரா கிளப்பில் ஆல்வின் லாங்டன் கோபர்ன் சில படங்களைக் காட்சிக்கு வைத்தார். கண்ணாடித் துண்டுகளை முக்கோணமாகச் சேர்த்து லென்ஸுக்கு முன்னால் வைத்து எடுத்தவை. எல்லாம் உடைந்து சிதறிய வடிவங்கள். அரூபப் புகைப்படத்தின் தொடக்கமாகப் பலரும் சொல்வது இதைத்தான்.

ஆனால் வடசென்னைக்கு ரொம்ப நெருக்கமான படம் வேறொன்று. 1920-ல் நியூயார்க்கில் மார்செல் டூஷாம்ப் என்ற ஓவியர் தன் பெரிய கண்ணாடிப் படைப்பு ஒன்றைப் படுக்கவைத்து மாதக்கணக்கில் தூசி படியவிட்டிருந்தார். அவருடைய நண்பர் மேன் ரே அந்தத் தூசியை அப்படியே படம் எடுத்தார். ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு ரெண்டு பேரும் சாப்பிடப் போய்விட்டார்கள். திரும்பி வந்து மூடினார்கள். 1922-ல் ஒரு பிரெஞ்சு இதழில் அந்தப் படம் வந்தபோது, ஆகாய விமானத்திலிருந்து எடுத்த காட்சி என்று அடிக்குறிப்புப் போட்டிருந்தார்கள். குறும்புதான். ஆனால் பார்த்தால் நிஜமாகவே பாலைவனம் மாதிரி, வயல் வரப்பு மாதிரி இருக்கும். கண்ணாடி மேல் படிந்த தூசி என்று சொல்லாவிட்டால் தெரியாது.

ராயபுரத்தில் தூசியை இப்படிப் படியவிடுவதற்கு யாரும் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாண்ட காலத்தில் காயப்போட்ட வெள்ளை வேட்டி கறுத்துத்தான் வரும். ஜன்னல் கம்பி, குடத்து மூடி, கொடிக் கயிறு என்று எல்லாவற்றிலும் கரித்தூள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011 அக்டோபர் முதல் அந்தச் சரக்கு எண்ணூர் துறைமுகத்துக்கு மாறியது. தூசி தீர்ந்ததா, இடம் மாறியதா என்று எண்ணூர்க்காரர்களிடம் கேட்டால் பதில் உடனே வரும்.

மூளை ஏன் முகம் தேடுகிறது?

தெளிவில்லாத எதைப் பார்த்தாலும் அதில் ஒரு உருவத்தைக் கண்டுபிடிக்கத் துடிப்பது மனித மூளையின் வழக்கம். மேகத்தில் யானை தெரிவதும், நிலாவில் பாட்டி வடை சுடுவதும் இதனால்தான். ஆங்கிலத்தில் இதை 'பாரிடோலியா' என்கிறார்கள். சுவரில் படிந்த கறைகளை உற்றுப் பாருங்கள், மலையும் போர்க்களமும் முகங்களும் தெரியும் என்று லியனார்டோ டாவின்சியே ஓவியம் கற்பவர்களுக்கு யோசனை எழுதிவைத்திருக்கிறார்.

அரூபப் புகைப்படம் இந்தப் பழக்கத்தோடு விளையாடுகிறது. முதலில் அளவை எடுத்துவிடும். படத்தில் ஒரு ஆளோ, ஒரு தீப்பெட்டியோ இருந்தால் இது எவ்வளவு பெரிசு என்று மூளை கணக்குப் போட்டுவிடும். அது இல்லாதபோது உள்ளங்கை அளவு எண்ணெய்த் துளியும், ஒரு கிலோமீட்டர் சாம்பல் ஏரியும் ஒன்றுபோலவே இருக்கும். அடுத்து, மேல் கீழ் தெரியாமல் செய்யும். பிறகு வெளிச்சத்தைக் குறைக்கும். தேடித் தேடி உருவம் கிடைக்காதபோது ஒருவருக்கு எரிச்சல் வரும், இன்னொருவருக்கு ஏதோ ஒளிந்திருக்கிறது என்ற பயம் வரும். ரெண்டும் ஒரே தேடலின் முடிவுதான்.

ஓவியத்தில் இப்படி இருந்தால் 'மாடர்ன் ஆர்ட்' என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள்கூட போட்டோ என்றதும் கோபப்படுகிறார்கள். காரணம் எளிது. போட்டோ என்றாலே நடந்ததைக் காட்டும் சாட்சி என்பது நம் நம்பிக்கை. ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் போட்டோ ஒட்டுவது அதனால்தானே? சாட்சி வாய் திறக்கவில்லை என்றால் கோபம் வரத்தான் செய்யும்.

தமிழகக் கடற்கரையில் எடுத்த ஒரு புத்தகம்

இந்திய உதாரணமாக இங்கே பேச வேண்டியது சோஹ்ராப் ஹூராவின் 'தி கோஸ்ட்'. 2019-ல் வந்த புகைப்படப் புத்தகம். தமிழகக் கடலோரத்தை மையமாக வைத்து எடுத்தது. அந்த ஆண்டு பாரிஸ் போட்டோ–அப்பர்ச்சர் அமைப்புகளின் சிறந்த புகைப்படப் புத்தக விருதை வாங்கியது.

பெரும்பாலும் இரவுப் படங்கள். முகத்தில் அடிக்கும் ஃபிளாஷ் வெளிச்சம், சுற்றிலும் இருட்டு. முகத்தில் இருப்பது திருவிழா வேஷமா, ரத்தமா? கட்டிப் பிடிக்கிறார்களா, சண்டை போடுகிறார்களா? படம் சொல்லாது. கூடவே தலை தொலைந்துபோன ஒரு பெண்ணைப் பற்றிய சிறுகதை. அந்தக் கதை 12 தடவை வருகிறது, ஒவ்வொரு தடவையும் சின்னச் சின்ன மாற்றத்தோடு. படங்களும் வேறு வேறு ஜோடியாகத் திரும்ப வருகின்றன. முதல் தடவை சாதாரணமாகத் தெரிந்த ஒரு படம், பக்கத்தில் வேறு படம் வந்து உட்கார்ந்ததும் வன்முறையாகத் தெரிகிறது.

வாட்ஸ்அப்பில் ஒரு பழைய வீடியோ புதுத் தலைப்போடு வந்து ஊரைக் கலக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதுசாக இருக்காது. அங்கே நடப்பது ஏமாற்று வேலை. இங்கே அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதையே பிரித்துக் காட்டுகிறார்கள்.

ஹூராவுக்கு முன்னால் நஸ்ரீன் முகமதி இருந்தார். 1937-ல் கராச்சியில் பிறந்து, பரோடா பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பித்தவர். சாலைக் கோடு, தறியில் ஓடும் நூல், மணல் மேல் விழும் நிழல் என்று கருப்பு வெள்ளையில் நிறைய எடுத்தார். ஆனால் 1990-ல் இறக்கும் வரை தன் போட்டோக்களைக் காட்சிக்கு வைக்கவே இல்லை. இன்று உலக அருங்காட்சியகங்கள் அவற்றை மாட்டி வைத்திருக்கின்றன.

அழிவை அழகாகக் காட்டலாமா?

உண்மையான சிக்கல் இங்கேதான். கனடாக்காரர் எட்வர்ட் பர்டின்ஸ்கி 1996-ல் சட்பரி என்ற ஊரில் நிக்கல் சுரங்கக் கழிவு ஓடுவதைப் படம் எடுத்தார். கறுப்பு நிலத்தில் நெருப்பாறு ஓடுவது போல இருக்கும், எரிமலைக் குழம்பு என்றுதான் முதலில் தோன்றும். உலகப் புகழ் பெற்ற படம். அதே சமயம், நாசத்தைச் சுவரில் மாட்டும் அழகுப் பொருளாக மாற்றிவிட்டார் என்ற விமர்சனமும் அவரை விடாமல் துரத்துகிறது.

எண்ணூருக்கும் இதே கேள்வி பொருந்தும். வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில் படிந்த சாம்பலை மேலிருந்து பார்த்தால் வெள்ளி நிறத்தில் நதி நரம்புகள் போல அவ்வளவு அழகு. கீழே செப்பாக்கம் மாதிரி ஒரு ஊர் சாம்பல் குட்டையை ஒட்டிக் கிடக்கிறது. மேலிருந்து எடுத்த படத்தில் அந்த ஊரின் இருமல் கேட்காது.

படத்தில் மனிதர் இல்லாமல் போனால் பொறுப்பாளியும் சேர்ந்தே காணாமல் போய்விடுகிறார் என்பது ஒரு நியாயமான குறை. நீதிமன்றத்தில் தேதியும் இடமும் அளவும் தெரியும் படம்தான் எடுபடும். வண்ணக் கோலத்தை வைத்துக்கொண்டு நிவாரணம் கேட்க முடியாது.

மறுபக்கமும் இருக்கிறது. எண்ணெய் அப்பிய பறவையின் படத்தை நாம் எத்தனை முறை பார்த்துவிட்டோம்? 2017-ல் பார்த்தோம், 2023-ல் பார்த்தோம். 'ஐயோ பாவம்' என்று ஒரு சோக ஸ்மைலி போட்டுவிட்டுக் கடந்துபோகப் பழகிவிட்டோம். என்னவென்று புரியாத படம் குறைந்தபட்சம் ஒரு நிமிடம் நிறுத்தி வைக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் அடிக்குறிப்பு சரியாக இருந்தால் போதும். இடம், தேதி, அது என்ன பொருள் என்ற மூன்றும் இல்லாமல் இப்படிப் படம் போடுவது அழகுக்கு வேண்டுமானால் உதவும், எண்ணூருக்கு உதவாது.

இன்னொன்று, இந்தப் படங்கள் எல்லோருக்கும் புரியாதவை அல்ல. காட்டுக்குப்பத்தில் வலை இழுக்கும் ஒருவருக்கு அது அரூபமே இல்லை. சாம்பல் படிந்த தண்ணீருக்கு ஒரு நிறம், எண்ணெய் மிதக்கும் தண்ணீருக்கு ஒரு பளபளப்பு, வெறும் சேற்றுக்கு ஒரு மங்கல் என்று அவருக்குத் தினமும் பார்த்துப் பழக்கம். எந்தச் சுழிப்பு எந்த நீரோட்டத்தில் வரும் என்றுகூடச் சொல்லக்கூடும். நகரத்தின் மறுமுனையில் இருந்து பார்ப்பவருக்குத்தான் அது புதிர்.

'எங்க ஏரியான்னாலே இருட்டுதானா?'

வடசென்னையில் கேட்கும் இன்னொரு ஆதங்கம் இது. சினிமாவில் இந்தப் பக்கம் வந்தாலே சந்து, இருட்டு, கத்தி. பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014), வெற்றிமாறனின் 'வட சென்னை' (2018) போன்ற படங்கள் அந்த மக்களின் அரசியலையும் வாழ்க்கையையும் உள்ளே இருந்து பேச முயன்றன. ஆனாலும் அந்த இருட்டுப் பிம்பம் முழுசாகப் போகவில்லை. இந்த நிலையில் ஒரு புகைப்படக்காரர் வந்து, நண்பகல் வெயிலில் பளிச்சென்று இருக்கும் காசிமேட்டை எக்ஸ்போஷரைக் குறைத்துக் கறுப்பாக எடுத்தால் 'இவரும் அதே கதைதானா' என்று கேட்பதில் தப்பில்லை.

கேமராக்காரர்கள் விரும்பி எடுக்கும் இன்னொரு காட்சி தூண்டில் வளைவு. கடலரிப்பைத் தடுக்க ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரையில் கொட்டிய கருங்கற்கள். விடியலுக்கு முன் ஷட்டரை அரை நிமிடம் திறந்து வைத்தால் அலையெல்லாம் பனிப்புகையாகி, கல் மட்டும் கறுப்பாக நிற்கும். பார்க்க அமைதியோ அமைதி. அந்த இடத்தில் கடல் அவ்வளவு அமைதியாக இருந்திருந்தால் அந்தக் கல்லே தேவைப்பட்டிருக்காது!

இருட்டும் மங்கலும் ஒரு ஸ்டைலாக மாறிவிடும் ஆபத்தை ஜப்பான் முன்பே பார்த்துவிட்டது. 1968-ல் டோக்கியோவில் 'புரொவோக்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். மூன்றே இதழ்தான் வந்தது. சொரசொரப்பு, ஆட்டம், மங்கல் இவைதான் அதன் அடையாளம். மாணவர் போராட்டம் கொதித்த காலத்தில், பளபளப்பான பத்திரிகைப் படங்களுக்கு எதிரான கோபம் அது. அந்தக் குழுவில் சேர்ந்த டைடோ மொரியாமா 1972-ல், கழித்துப்போட்ட நெகடிவ், கீறல், தூசி எல்லாவற்றையும் சேர்த்து 'புகைப்படமே போய் வா' என்ற பொருளில் தலைப்பு வைத்து ஒரு புத்தகமே போட்டார்.

ஆனால் அதற்குள் ஜப்பான் ரயில்வே தன் சுற்றுலா விளம்பரத்துக்கே மங்கலான படங்களைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தது. கலகம் போஸ்டர் ஆகிவிட்டது. புரொவோக்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான டகுமா நகாஹிரா தன் பழைய பாணியைத் தானே மறுத்து எழுதி, 1973 வாக்கில் நெகடிவ்களில் பெரும்பகுதியைக் கொளுத்திவிட்டார்.

போனில் பார்த்தால் ஏன் இன்னும் மோசம்?

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். இருட்டான படம் பிடிக்காமல் போவதற்குப் பாதிக் காரணம் நம் கையில் இருக்கும் போன்.

வெயிலில் நின்று பார்க்கும்போது திரை மேல் விழும் வெளிச்சம் படத்தின் கறுப்புக்குள் இருக்கும் நுணுக்கத்தை அப்படியே விழுங்கிவிடும். உங்கள் முகம்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அளவைக் குறைப்பதற்காகப் படம் சுருக்கப்படுகிறது. அதில் முதலில் அடிபடுவது இருண்ட பகுதிதான். மெல்ல மெல்ல மாறும் கறுப்பு, கட்டம் கட்டமாக உடைந்துவிடும். எண்ணெய்ப் படலத்தின் மடிப்பு இருக்க வேண்டிய இடத்தில் சதுரம் சதுரமாகக் கறை தெரியும்.

இதற்கு மேல் 'நைட் மோட்'. 2018-க்குப் பிறகு வந்த போன்கள், அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து அடுக்கி, இரவைப் பகல் போல ஆக்கிவிடுகின்றன. அதிகாலை 3 மணிக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நின்று ஒரு கிளிக் அடித்தால், கண்ணுக்குத் தெரியாததெல்லாம் போனில் தெரியும். இதற்குப் பழகிய கண்ணுக்கு, இருட்டை இருட்டாகவே விட்ட போட்டோ ஏதோ தப்பாக எடுத்தது போலத் தோன்றுகிறது.

இந்த வகைப் படங்களைப் பெரிய அளவில் பார்க்க வேண்டும் என்றால் சென்னை போட்டோ பினாலே நல்ல இடம். 2016-ல் தொடங்கியது. கலைக்கூடங்களோடு நிற்காமல் பறக்கும் ரயில் நிலையம் போன்ற பொது இடங்களிலும் படங்களை வைத்திருக்கிறார்கள், கட்டணமும் இல்லை. அதுவரை போனில் பார்ப்பவர்கள் திரை வெளிச்சத்தைக் கூட்டி, நிழலில் நின்று, அனுப்பும்போது 'எச்.டி.' தரத்தைத் தேர்ந்தெடுத்தாலே பாதி இருட்டு விலகும். மீதி இருட்டு, எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கெட்டியாகக் கிடந்த இடம்.